எலும்பு முறிந்த பிள்ளைக்கு எவ்வளவு மருந்து?

அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில், இளம் பிராயத்தினரின் வலிக்கு ஓபியாய்டு எனப்படும் அபினி வர்க்கத்து மருந்துகளைக் கொடுப்பதா, கூடாதா என்ற விவாதம் ஒரு தலைமுறையாக நடந்து வருகிறது. மிகுதியாகக் கொடுத்ததால் நேர்ந்த கேடும், கொடுக்க மறுத்ததால் நேர்ந்த அநீதியும் அதில் அருகருகே நிற்கின்றன.

இலையுதிர்காலத்து வெள்ளிக்கிழமை மாலைகளில் அமெரிக்கச் சிற்றூர்களின் உயர்நிலைப் பள்ளி மைதானங்களிலெல்லாம் விளக்குகள் எரியத் தொடங்கி, ஊரே திரண்டு பந்தாட்டம் பார்க்க உட்கார்ந்துவிடும். ஆட்டம் முடிவதற்கு முன்பே, பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, சேறு படிந்த உடுப்போடும் தோளில் மாட்டிய காப்புக் கவசத்தோடும் ஒரு பையன் வந்து சேருவான். பதினைந்து வயதிருக்கும். இடது முன்கை நடுவில் வளைந்து கிடக்கும். அதை வலது கையால் ஏந்திப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பான். ‘சைபரிலிருந்து பத்து வரைக்கும் வைத்துச் சொன்னால் வலி எவ்வளவு?’ என்று நர்ஸ் கேட்டால், தோழர்கள் வாசலில் நிற்பதை ஓரக் கண்ணால் பார்த்துக்கொண்டே ‘ஏழு’ என்பான். வெளுத்துப்போன முகமும் நெற்றி வியர்வையும் பத்து என்று சொல்லும்.

நர்ஸ் கொண்டுவரும் சிரிஞ்சில் ஊசி இராது. அதன் முனையில் மெத்தென்ற சிறு கூம்பு ஒன்று பொருத்தியிருக்கும். பையனின் எடையைக் கணக்கிட்டு அளந்த ஃபென்டனில் என்னும் ஓபியாய்டு மருந்தில் பாதியை ஒரு நாசித் துவாரத்திலும் பாதியை மற்றதிலும் பனிபோல் செலுத்துகிறாள். விரலில் மாட்டிய கருவி ரத்தத்திலுள்ள பிராணவாயுவை இலக்கமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. பத்து நிமிஷத்துக்குள் இறுகிக் கிடந்த தாடை தளர்கிறது. எக்ஸ்ரே எடுப்பவர் கையை மெல்லத் திருப்பும்போது பையன் அலறவில்லை. எலும்பைப் பொருத்திக் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் நள்ளிரவு நெருங்கிவிடுகிறது. வீட்டுக்கு அனுப்பும் சீட்டை டாக்டர் எழுதத் தொடங்கும்போது தாயார் தயங்கித் தயங்கிக் கேட்கிறாள்: “டாக்டர், வீட்டுக்கும் இந்த மாதிரி மருந்துதான் எழுதப் போகிறீர்களா? பையனுக்குப் பழக்கமாகிவிடுமோ என்று பயமாயிருக்கிறதே!”

எந்தவொரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதையாகவும் இதைச் சொல்லவில்லை; அந்நாட்டின் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் வாரந்தோறும் நடப்பது இது. ஆனால் இந்த ஒரே இரவில் இரண்டு வெவ்வேறு தீர்மானங்கள் அடங்கியிருக்கின்றன. வைத்தியரும் நர்ஸும் அருகில் நிற்க, மூச்சையும் நாடியையும் கருவிகள் கணந்தோறும் காட்ட, எடைக்கு ஏற்ப அளந்து கொடுத்த ஒரு வேளை மருந்து முதலாவது. யாருடைய கண்ணும் படாத வீட்டு அலமாரிக்குப் போய்ச் சேரப்போகும் ஒரு புட்டி மாத்திரைகள் இரண்டாவது. முன்னதைத் தாமதிப்பது கொடுமை. பின்னதை யோசியாமல் எழுதுவது ஆபத்து. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதே கடந்த முப்பது ஆண்டுகளில் அமெரிக்க வைத்திய உலகத்தின் பெரும் பிழை என்பது நம்முடைய திடமான அபிப்பிராயம். முதலில் இரண்டையும் தாராளமாக வழங்கினார்கள். பிறகு பயந்துபோய் இரண்டையும் சுருக்கினார்கள். இரு திசையிலும் துன்பப்பட்டவர்கள் பிள்ளைகளே.

ஐந்து வாக்கியக் கடிதம்

பூர்வ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1980-ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ பத்திரிகையில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம் வெளியாயிற்று. ஆஸ்பத்திரியில் படுத்திருந்து ஓபியாய்டு மருந்து பெற்ற 11,882 நோயாளிகளில் நால்வர் மட்டுமே அதற்கு அடிமையானதாகத் தெரிகிறது என்பது அதன் சாரம். ஆஸ்பத்திரிக்குள், வைத்தியர் கண்காணிப்பில் கொடுத்த மருந்தைப் பற்றிய அந்தச் சிறு குறிப்பு, வீட்டுக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரைகளுக்கும் அத்தாட்சியாக மேற்கோள் காட்டப்பட்டது. 2017-இல் ஆராய்ந்து பார்த்தபோது, அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் 608 இருப்பதும், அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, அடிமைப்படுதல் அரிது என்பதற்குச் சான்றாகவே அதைக் காட்டியிருப்பதும் வெளிப்பட்டன.

1990-களில், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், உடற்சூடு ஆகியவற்றோடு வலியையும் ஐந்தாவது ஜீவக் குறியாகக் கொள்ள வேண்டும் என்ற இயக்கம் எழுந்தது. 2001-இல் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஸ்தாபனமும் வலியை அளந்து பதிவு செய்வதை விதியாக்கிற்று. நோக்கம் உத்தமமானதுதான். ஆனால் 1996-இல் சந்தைக்கு வந்த ஆக்ஸிகான்டின் என்னும் ஓபியாய்டு மாத்திரையை, அடிமைப்படுத்தும் இயல்பு குறைந்தது என்று சொல்லி விற்ற பர்டூ குழுமத்தின் கம்பெனி, அப்படிப் பொய்யாகப் பிரசாரம் செய்த குற்றத்தை 2007-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்வதற்குள், ஒரு தேசத்தின் வைத்தியப் பழக்கமே மாறிப்போயிருந்தது. 2012-இல் அமெரிக்காவில் எழுதப்பட்ட ஓபியாய்டு மருந்துச் சீட்டுகள் 25 கோடியே 50 லட்சத்தைத் தாண்டின. நூறு பேருக்கு எண்பத்தொன்றுக்கு மேல்.

பிள்ளைகள் அந்த வெள்ளத்திற்குப் புறம்பாக இருக்கவில்லை.

▣ இலக்கங்கள் சொல்வது

• 2005 முதல் 2015 வரை, 13 முதல் 22 வயது வரையுள்ளவர்கள் அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குச் சென்ற தடவைகளில் 14.9 சதவீதத்தில் ஓபியாய்டு எழுதிக் கொடுக்கப்பட்டது. சாதாரண வெளிநோயாளிச் சிகிச்சையில் இது 2.8 சதவீதமே.

• 13 முதல் 17 வயதினர் பல் உபாதைக்காக அவசரப் பிரிவுக்கு வந்தபோது 59.7 சதவீதமும், காறை எலும்பு முறிவோடு வந்தபோது 47 சதவீதமும், கணுக்கால் முறிவோடு வந்தபோது 38.1 சதவீதமும் ஓபியாய்டுச் சீட்டுப் பெற்றனர்.

• எலும்பு முறிந்தவனைக் காட்டிலும் பல் வலியோடு வந்தவனுக்கே இம்மருந்து அதிகமாக எழுதப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. பல்லுக்கு மூல சிகிச்சை செய்யும் வசதி அவசரப் பிரிவில் பெரும்பாலும் இராது.

பதினைந்து வயதின் விசேஷம்

வயது வந்தவருக்கும் இளம் பிராயத்தினருக்கும் இதில் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். வேறுபாடு மூளையின் வளர்ச்சியில் இருக்கிறது. இன்பத்தை நாடும் பகுதிகள் பூப்பெய்தும் பருவத்திலேயே சுறுசுறுப்பாக இயங்கத் தொடங்கிவிட, விளைவைச் சீர்தூக்கி ‘வேண்டாம்’ என்று தடுக்கும் முன்மூளைப் பகுதி இருபத்தைந்து வயதையொட்டித்தான் முதிர்ச்சி பெறுகிறது. இந்த இடைப்பட்ட காலத்தில் மூளை எதைக் கற்றாலும் விரைவாகக் கற்கிறது. பாடத்தையும் இசையையும் விளையாட்டையும் எப்படியோ, போதையையும் அப்படியே.

மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு பலரையும் திடுக்கிடச் செய்தது. பள்ளிப் படிப்பு முடிவதற்குள் டாக்டர் முறையாக எழுதிக் கொடுத்த ஓபியாய்டைச் சாப்பிட்டவர்களிடம், 19 வயதுக்கும் 23 வயதுக்கும் இடையில் அம்மருந்தைத் தகாத முறையில் பயன்படுத்தும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 33 சதவீதம் மிகுந்திருந்தது. அதைவிட மனத்தை உறுத்துவது வேறொன்று. இந்தத் தொடர்பு தெளிவாகத் தென்பட்டது, போதைப் பொருள்களை வெறுத்து ஒதுக்கி வந்த, சாதாரணமாக யாரும் சந்தேகிக்காத நல்ல பிள்ளைகளிடத்திலேதான்.

2018-இல் வந்த மற்றோர் ஆய்வில், அதற்கு முன் இம்மருந்தை அறியாத 13 முதல் 21 வயதினரில், அறுவைச் சிகிச்சைக்குப் பின் மருந்து பெற்றவர்களில் 4.8 சதவீதத்தினர், புண் ஆறியிருக்க வேண்டிய மூன்று மாதங்களுக்குப் பின்னும் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தனர். அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளாத ஒத்த வயதினரில் அது 0.1 சதவீதமே. பல் வைத்தியரிடம் ஓபியாய்டு பெற்ற 16 முதல் 25 வயதினரை ஆராய்ந்தபோதும் இதே போக்குக் காணப்பட்டது: ஓராண்டுக்குள் அவர்களில் 5.8 சதவீதத்தினருக்கு அம்மருந்தைத் தகாத முறையில் பயன்படுத்தும் நோய் இருப்பதாக வைத்தியக் குறிப்பில் பதிவாகியிருந்தது. மருந்து பெறாதவர்களில் 0.4 சதவீதத்தினருக்கு.

இவ்விலக்கங்களைக் கொண்டு மருந்துதான் முழுக் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது; மனச்சோர்வு, நாட்பட்ட வலி, குடும்பச் சூழல் முதலிய பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் சில நாள் சாப்பிட்டு, வலி தீர்ந்ததும் மறந்துவிடுகிறார்கள் என்பதும் அதே ஆய்வுகள் காட்டும் உண்மை. ஆயினும் நூற்றில் ஐந்து என்பது, ஒரு வகுப்பறையில் ஒன்றிரண்டு பிள்ளைகள். சொந்தப் பிள்ளை அந்த ஒன்றிரண்டில் ஒருவனாயிருந்தால் மீதிப் பேரைப் பற்றிய சமாதானம் எந்தத் தாய்க்கும் ஆறுதலாகாது.

எழுதிக் கொடுத்ததில் மிஞ்சிய மாத்திரைகள் வேறொரு சங்கதி. இரண்டு நாளில் வலி தணிந்துவிடுகிறது. இருபது மாத்திரையில் பதினைந்து, குளியலறை அலமாரியில் தங்கிவிடுகிறது. தங்கை எடுக்கலாம், விருந்தாட வந்த தோழன் எடுக்கலாம். தகாத முறையில் இம்மருந்தை உட்கொண்ட இளைஞர்களில் பலர், அதை நண்பரிடமிருந்தோ உறவினரிடமிருந்தோ பெற்றதாகவே சொல்லியிருக்கிறார்கள். மிஞ்சிய மருந்தை வீட்டில் வைத்துக்கொண்டு போதையின் தீமையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்வது, வாய் திறந்த கிணற்றை முற்றத்தில் விட்டுவிட்டு ஜாக்கிரதையாக விளையாடச் சொல்வதற்கு ஒப்பாகும். 2010-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க மத்திய போதை மருந்துத் தடுப்பு நிர்வாகம், மிஞ்சிய மருந்துகளைத் திரும்பப் பெறும் நாள் ஒன்றை நாடெங்கும் நடத்தி வருவது இதனால்தான்.

கோடீன் புகட்டிய பாடம்

ஒரு காலத்தில், பிள்ளைகளுக்குச் சாதுவான மருந்து எது என்று கேட்டால், கோடீன் என்று டாக்டர்கள் தயங்காமல் சொல்வார்கள். கோடீன் தானாக வலியைப் பெரிதாகத் தணிப்பதில்லை. ஈரலிலுள்ள ஒருவகை நொதி அதை மார்பினாக மாற்றிய பிறகே அது வேலை செய்கிறது. அந்த நொதியோ ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. சிலருக்கு அது மந்தமாயிருப்பதால் மருந்து பயன் தருவதேயில்லை. வேறு சிலருக்கு அது மிதமிஞ்சிய வேகத்தில் இயங்குவதால், டாக்டர் சரியாக அளந்து எழுதிய அதே அளவு, உடலில் மார்பின் வெள்ளமாகி மூச்சை அடக்கிவிடுகிறது. தொண்டைச் சதை அறுவைக்குப் பின் வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் சிலர் இப்படித் தூக்கத்திலேயே உயிர் நீத்தனர். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013-இல் அவ்வறுவைக்குப் பின் பிள்ளைகளுக்குக் கோடீன் கொடுப்பதை விலக்கிற்று. 2017-இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கோடீனும், வலிக்கான டிராமடாலும் கூடாது என்று விதித்து, பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்டவர்களிலும், மிகு பருமனோ, உறக்கத்தில் மூச்சடைப்போ, கடுமையான நுரையீரல் நோயோ உள்ளவர்களுக்கு இவை ஆகா என்று எச்சரித்தது.

பழக்கமாகுமா என்ற ஒரே கேள்வியில் மூழ்கியிருக்கும் பெற்றோர், மூச்சு நின்றுவிடுமா என்ற இந்த இரண்டாவது கேள்வியையும் மறக்கலாகாது. கட்டிலருகே கருவியும் நர்ஸும் இருக்கும்போது மூச்சு மந்தித்தால் உடனே மாற்று உண்டு. வீட்டில், நள்ளிரவில், பிள்ளை குறட்டை விட்டு நன்றாகத் தூங்குகிறான் என்று தாய் நிம்மதி அடையும் வேளையில், அந்த மாற்று இல்லை.

சாதாரண மருந்தின் சாமர்த்தியம்

அப்படியானால் வீட்டுக்குப் போகும் பிள்ளை வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானா? வேண்டியதில்லை என்பதே ஆய்வுகள் தரும் நல்ல செய்தி. கானடாவின் ஒட்டாவா நகரில், அடிபட்டு வந்த 6 முதல் 17 வயதுப் பிள்ளைகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பாரசிட்டமாலும், ஒன்றுக்கு இபுப்ரோஃபெனும், மற்றொன்றுக்குக் கோடீனும் கொடுத்துப் பார்த்தார்கள். 2007-இல் வெளியான அம்முடிவில் இபுப்ரோஃபெனே முந்தி நின்றது. அதே நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில், எலும்பு முறிந்து கட்டுப்போட்டு வீட்டுக்குப் போன 134 பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வாய்வழி மார்பினும் பாதிப் பேருக்கு இபுப்ரோஃபெனும் கொடுத்த சோதனை 2014-இல் வெளியாயிற்று. வலி தணிந்ததில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வாந்தியும் மயக்கமும் போன்ற உபத்திரவங்கள் மட்டும் மார்பின் பெற்றவர்களிடத்தில் வெகுவாக மிகுந்திருந்தன.

சாதாரண மருந்தைச் சரியான அளவில், மணி தவறாமல், முதல் இரண்டு நாள் வலி வருமுன்பே கொடுத்துவருவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இதை விளக்கிச் சொல்ல ஐந்து நிமிஷமாகிறது. பெரிய மருந்தொன்றை எழுதிக் கையெழுத்திட அரை நிமிஷம் போதும். நாற்பது பேர் காத்திருக்கும் அவசரப் பிரிவில் அந்த ஐந்து நிமிஷம் எங்கிருந்து வரும் என்பதே நடைமுறைச் சங்கடம். நல்லெண்ணமுள்ள டாக்டர்கள்கூட இடறி விழுந்த இடம் அது.

நியூ ஜெர்ஸி மாநிலத்துப் பேட்டர்ஸன் நகரிலுள்ள செயின்ட் ஜோசப் ஆஸ்பத்திரி, 2016 ஜனவரியில் இதற்கு ஒரு வழி காட்டிற்று. சிறுநீரகக் கல், முதுகுவலி, தலைவலி, எலும்பு முறிவு முதலிய சில உபாதைகளுக்கு முதலில் எதைக் கொடுப்பது என்று திட்டம் வகுத்து, நரம்பை மரக்கச் செய்யும் ஊசி, சதை முடிச்சில் இடும் ஊசி, நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு, சொற்ப அளவில் கெட்டமின் ஆகியவற்றைப் பிரயோகித்து, அவை பலிக்காதபோது மட்டுமே ஓபியாய்டை நாடும் முறையை ஏற்படுத்திற்று; நோயாளிகளின் மனத்தைத் திருப்ப யாழ் வாசிப்பவரைக்கூட அங்கே அழைத்து வந்தார்கள். இம்முறையைப் பிற ஆஸ்பத்திரிகளுக்கும் பரப்ப 2018-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் சட்டத்தில் இடம் கொடுத்தது. பிள்ளைகள் விஷயத்தில் சின்சினாட்டியில் நடந்த ஒரு சோதனை, மூக்கில் செலுத்தும் கெட்டமின், மூக்கில் செலுத்தும் ஃபென்டனிலுக்குச் சளைத்ததல்ல என்று 2019-இல் நிரூபித்தது.

▣ வீட்டுக்கு ஓபியாய்டு கொடுக்க நேர்ந்தால்

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், பிள்ளைகளின் திடீர் வலிக்கு இம்மருந்தை எழுதுவது பற்றித் தன் முதல் நெறிமுறையை 2024 செப்டம்பரில் வெளியிட்டது. அதன் சாரம்:

• மருந்தல்லாத உபாயங்களும், பாரசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவையும் முதலில். ஓபியாய்டைத் தனித்துக் கொடாமல் அவற்றோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.

• வயதுக்கும் எடைக்கும் ஏற்ற மிகக் குறைந்த அளவு. பெரும் காயமோ அறுவையோ இல்லாவிடில் முதல் சீட்டு ஐந்து நாளுக்கு மேற்படாமல்.

• மூச்சு மந்தித்தால் மீட்கும் நாலாக்ஸோன் மருந்தையும் கூடவே கொடுத்து, அதைப் பயன்படுத்தும் விதத்தைக் குடும்பத்தாருக்குக் கற்பிக்க வேண்டும்.

• மாத்திரைகள் பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் தம் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். மிஞ்சியதை உடனே திருப்பிவிட வேண்டும்.

• வேண்டிய பிள்ளைக்கு இம்மருந்தை மறுக்கலாகாது.

அதே வலி, வேறு நிறம்

மேற்கண்ட கடைசி விதி எதற்காக எழுதப்பட்டது என்பதை அறிய, நாணயத்தின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். குடல்வால் அழற்சியின் வலி எத்தகையது என்பதை அனுபவித்தவர் அறிவர். அங்கே வலி மெய்யா பொய்யா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. 2003 முதல் 2010 வரை அந்நோயோடு அமெரிக்க அவசரப் பிரிவுகளுக்கு வந்த பிள்ளைகளைப் பற்றி 2015-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவர்களில் 41.3 சதவீதத்தினரே ஓபியாய்டு பெற்றிருந்தார்கள். அதிலும் கடுமையான வலியோடு வந்த கறுப்பினப் பிள்ளைகள், அதே அளவு வலியோடு வந்த வெள்ளைப் பிள்ளைகளோடு ஒப்பிட, அம்மருந்தைப் பெறும் சாத்தியக் கணக்கு ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. நோய் ஒன்று, வலி ஒன்று, நாட்டிலே மருந்து தாராளமாக இறைக்கப்பட்ட காலமும் அதுவே. இப்படியிருந்தும் ஒரு நிறத்துப் பிள்ளையின் முனகல் மட்டும் காதில் ஏறவில்லை.

இதனினும் கொடிது அரிவாள் அணு ரத்தசோகையோடு பிறந்த பிள்ளைகளின் நிலை. அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு இந்நோய் உண்டு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். வட்டமாயிருக்க வேண்டிய ரத்த அணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும்போது, எலும்புக்குள்ளேயே ரத்தம் நின்று, சொல்லொணாத வேதனை உண்டாகிறது. மாதத்தில் பலமுறை இதை அனுபவித்துப் பழகிய பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, அழுது பயனில்லை என்று தெரிந்துகொண்டு, போர்வைக்குள் சுருண்டு, கைப்பேசியில் ஏதோ படத்தைப் பார்த்து மனத்தைத் திருப்ப முயலுவாள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் கொடுத்தால் தணியும் என்று அனுபவத்தால் அறிந்து அதையே கேட்பாள். அறியாத டாக்டரின் கண்ணுக்கு, அழாதிருப்பது வலியின்மைக்கும், மருந்தின் பெயர் சொல்வது போதை வேட்கைக்கும் அடையாளமாகத் தோன்றுகிறது. நாடெங்கும் பரவிய பயம், மணிக்கணக்கான காத்திருப்பாக அவள்மீது வந்து இறங்குகிறது.

இத்தகையோருக்கு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் மருந்து கொடுத்தாக வேண்டும் என்று 2014-இல் தேசிய இதய, நுரையீரல், ரத்த ஆராய்ச்சி நிலையம் வற்புறுத்திற்று. 2020-இல் அமெரிக்க ரத்தவியல் சங்கமும் அதையே கூறிற்று. இந்நோய் தமிழ்நாட்டுக்கும் அந்நியமல்ல. நீலகிரி மலைவாழ் பழங்குடியினரிடையே இதன் கூறு இருப்பதை ஆராய்ச்சியாளர்களான ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் 1952-இல் வெளியிட்டதே இந்தியாவில் இதைப் பற்றிய முதல் செய்தி. அங்குள்ள பிள்ளைக்கும் வேதனை வேறல்ல.

சட்டம் வந்தது, மரணம் வேறு வாசலில் நுழைந்தது

மிகுதியாக எழுதிக் கொடுத்ததன் தீமையை உணர்ந்த அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் இயற்றின. ஒஹையோ 2014-இல், மைனர் பிள்ளைக்கு ஓபியாய்டு எழுதுமுன் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்றது; மாஸசூஸெட்ஸ் 2016-இல், மைனருக்கு ஏழு நாளுக்கு மேல் எழுதக் கூடாது என்றது. 2020-இல் நாடு முழுவதிலும் எழுதப்பட்ட சீட்டுகள் 14 கோடியே 20 லட்சமாகக் குறைந்தன. பன்னிரண்டாம் வகுப்பு மாணவரில், சென்ற ஓராண்டுக்குள் இம்மாத்திரைகளைத் தகாத முறையில் உட்கொண்டதாகச் சொன்னவர்கள் 2004-இல் 9.5 சதவீதம், 2023-இல் ஏறத்தாழ 1 சதவீதம்.

இத்தனையும் நடந்த பிறகு, பிள்ளைகளின் மரணம் குறைந்திருக்க வேண்டுமல்லவா? 14 முதல் 18 வயதினரில் போதை மிகுந்து இறந்தோர் 2019-இல் 492 பேர். 2020-இல் 954 பேர். உட்கொள்வோர் குறைந்திருக்க, இறப்போர் ஓராண்டில் இரு மடங்கை எட்டினர். கள்ளத்தனமாகத் தயாரித்த ஃபென்டனில், மருந்துக்கடை மாத்திரைபோலவே வடிவமும் நிறமும் முத்திரையும் பெற்று, சமூக ஊடகங்களின் வழியே பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்ததே காரணம். ஆஸ்பத்திரியில் மைக்ரோகிராம் கணக்கில் அளந்து கொடுக்கும் அதே பொருள், அளவறியாத கையால் கலக்கப்பட்டு, ஒற்றை மாத்திரையில் உயிரைக் குடித்தது. 2019 ஜூலை முதல் 2021 டிசம்பர் வரை போதை மிகுந்து இறந்த 10 முதல் 19 வயதினரைப் பற்றி அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இறக்கும் சமயத்தில் அருகில் யாரோ இருந்திருக்கிறார்கள் என்றும், அப்படி இருந்தவர்களில் பெரும்பாலோர் உதவி ஏதும் செய்யவில்லை என்றும் தெரியவந்தது. பக்கத்து அறையில் இருந்தோர் பலர். உறங்குகிறான் என்றெண்ணி விட்டுவிட்டோர் பலர்.

ஆகவே சீட்டைச் சுருக்கியதோடு அவசரப் பிரிவின் கடமை முடிந்துவிடவில்லை. கை முறிந்து வந்த பிள்ளையிடம், பெற்றோரைச் சிறிது வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, “மனசு எப்படியிருக்கிறது? தூக்கம் வருகிறதா? யாராவது மாத்திரை கொடுத்தார்களா?” என்று கேட்கத் தெரிந்த டாக்டர் தேவை. நாலாக்ஸோன் மூக்கு மருந்தைச் சீட்டில்லாமலே வாங்கலாம் என்று 2023 மார்ச்சில் அனுமதி வந்துவிட்டது. அது வீட்டிலும் பள்ளியிலும் இருக்கச் செய்வது தேவை. அடிமைப்பட்டுவிட்ட பிள்ளைக்கு, பதினாறு வயது முதல் கொடுக்க அனுமதியுள்ள புப்ரெனார்ஃபின் சிகிச்சையைத் தொடங்கிவைப்பது தேவை. 2016-லேயே குழந்தை மருத்துவக் கழகம் வற்புறுத்தியும், இச்சிகிச்சை பெறும் இளம் பிராயத்தினர் இன்றும் சொற்பமே. பிள்ளை சாகும் தறுவாயில் தூக்கி வரப்பட்டு, நாலாக்ஸோனால் பிழைத்து, மறுநாள் எந்தச் சிகிச்சைக்கும் வழி காட்டப்படாமல் வீட்டுக்கு அனுப்பப்படுவதைக் காட்டிலும் பெரிய தோல்வி வைத்தியத்தில் வேறு இல்லை.

நமக்கு எங்கே சம்பந்தம்?

2017-இல் ‘லான்செட்’ ஆணையம் உலக நாடுகளின் மார்பின் வழங்கலை மதிப்பிட்டபோது, அமெரிக்காவுக்குக் கிடைப்பது அதன் வைத்தியத் தேவையில் 3,150 சதவீதம் என்றும், இந்தியாவுக்குக் கிடைப்பது 4 சதவீதம் என்றும் கணக்கிட்டது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அபினிச் செடி சட்டப்படி பயிராகி, காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்கத்தின் ஆலைகள் இயங்கும் தேசத்தில், 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்துக்கு அஞ்சி ஆஸ்பத்திரிகள் மார்பினை வைத்துக்கொள்ளவே தயங்கின. கேரளத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் முதலியோரின் நெடிய முயற்சியால் 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் பயம் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கிய வேகத்தில் டாக்டர்களின் மனத்திலிருந்து நீங்கவில்லை. மறுபுறம், டாபென்டடால் போன்ற வலிநிவாரண மாத்திரைகளைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் வாலிபர்களைப் பற்றிய செய்திகள் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. புற்றுநோயால் துடிப்பவருக்கு மருந்து எட்டாமலும், தெருமுனைப் பையனுக்கு எளிதில் எட்டியும் இருப்பது, அமெரிக்கா கண்ட அதே குழப்பத்தின் நம் நாட்டு வடிவம்.

இரண்டு கணக்குகள்

இனிச் செய்யத்தக்கது என்ன? ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் இரண்டு கணக்குகளை எழுதிப் பகிரங்கமாக வைக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. கடும் வலியோடு வந்த பிள்ளைக்கு முதல் மருந்து எத்தனை நிமிஷத்தில் கிடைத்தது என்பது ஒரு கணக்கு. வீட்டுக்குப் போகும்போது எத்தனை மாத்திரை கொடுக்கப்பட்டது, எத்தனை திரும்பி வந்தது என்பது மற்றொரு கணக்கு. முதல் இலக்கத்தை நிறவாரியாகவும் நோய்வாரியாகவும் பிரித்துக் காட்டினால் அநீதி ஒளிந்துகொள்ள இடமிராது. இரண்டாவதைக் காட்டினால் அலட்சியத்துக்கு இடமிராது. இரண்டும் சேர்ந்து குறைய வேண்டும். மாத்திரையைக் குறைத்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிய ஆஸ்பத்திரி தன் சுமையைப் பிள்ளையின் உடம்புக்கு மாற்றியதேயன்றிச் சீர்திருந்தியதாகாது. காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டு மாத்திரைகளைக் கூட்டியதும் அப்படியே. பெற்றோரும் இவ்விரண்டையும் தயங்காமல் கேட்க வேண்டும்: வலியை இப்போதே தணிக்க என்ன செய்யப் போகிறீர்கள்? நாளைக் காலை முதல் எதை, எத்தனை நாள், எவர் கையால் கொடுக்க வேண்டும்? இவற்றுக்கு விடை சொல்ல ஐந்து நிமிஷம் ஒதுக்காத வைத்தியம், எத்தனை அருமையான மருந்தைக் கையில் வைத்திருந்தாலும், பாதி வைத்தியமே.